என் பெயர் அறிய 83ஆம் பக்கம் பார்க்க

முன்னால் போன மினி பஸ் தாண்டிவிட்டது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு டிராக்டரும் தாண்டிவிட்டது, செண்பகவல்லியின் ஸ்கூட்டி மூக்கை நீட்டும்போதுதான் ரயில்வே கேட் இறங்க ஆரம்பித்தது, இறங்கட்டும், இந்த நாற்பத்தாறு வயதில் எந்தக் கேட் அவளுக்காக ஒரு நிமிடம் பொறுத்திருக்கிறது. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குள் மாவட்ட நூலக அலுவலகத்தில் அந்தப் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிடலாம், கேட் திறந்தால் இருபது நிமிடம்தான், ஆனால் படிவம் முடியவில்லையே, பத்து வரியில் ஒன்பதுதான் நிரம்பியிருக்கிறது, பத்தாவது வரி காலையிலிருந்து வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்க்கிறது. வண்டியை ஓரமாக ஸ்டாண்டு போட்டு, வேப்பமரத்து நிழலில் பாதி உடம்பையும் வெயிலில் பாதி உடம்பையும் வைத்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள வாசகர்களுக்கு ஏற்ற பத்து நாவல்களைப் பரிந்துரைக்கவும். ஒவ்வொரு கிளை நூலகரும் பத்து சொல்ல வேண்டும், அதிலிருந்து பொறுக்கிப் பள்ளிக்கூடங்களுக்கு வாங்குவார்களாம். நாவலின் பெயர், ஆசிரியர், வயது, பரிந்துரைக்கான காரணம் என்று கட்டம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒன்பதை முக்கால் மணி நேரத்தில் நிரப்பிவிட்டாள், கத்தரிக்காய் நறுக்குகிற மாதிரி. காரணம்: நல்லொழுக்கம். காரணம்: தேசப்பற்று. காரணம்: விடாமுயற்சி. அடுத்ததற்கும் விடாமுயற்சி, வேறென்ன எழுதுவது, அந்தப் புத்தகத்தைப் படித்து முடிக்க அதுதான் வேண்டும். ஒன்பதில் ஐந்தை அவளே பாதியில் மூடிவைத்தவள். எழுத்து பெரிசாக இருக்கும், கடைசியில் எல்லோரும் திருந்திவிடுவார்கள், எந்த அப்பனும் சட்டையை மடித்துக்கொண்டு நூலகத்துக்கு வரமாட்டான், அது போதாதா. போதும். போதும் என்றால் பையில் எதற்கு அந்தப் பச்சை அட்டைப் புத்தகம்.

பையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். பச்சை அட்டைக்குப் பெயர் உண்டு, ஆனால் அவள் மனதுக்குள் அது 9416தான், பதிவெண், நூலகத்தில் இருபது வருடம் இருந்தால் மனுஷர்களைக்கூட எண்ணாகத்தான் ஞாபகம் வரும். ஆறு வருடம் பீரோவில், பழைய பதிவேடுகளுக்கு அடியில் கிடந்தது. காலையில் படிவத்தை எடுக்கப் போனவள் அதையும் சேர்த்து எடுத்தாள், ஏன் எடுத்தாள், கை எடுத்தது, அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் அவள் படித்த நாவல். அப்போது அவள் நூலகர் இல்லை, வாசகி, இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நின்றபடியே முதல் முப்பது பக்கத்தைப் படித்து, கால் மரத்துப்போனது தெரியாமல் நின்ற வாசகி. அதில் வருகிற பெண், தில்லை, வீட்டில் பார்த்த மாப்பிள்ளை வேண்டாமென்று விடிகாலை பஸ் ஏறிப் போவாள். போனதற்குப் பிறகு அவளைப் பற்றி அதிகம் வராது, அவளுடைய அப்பாவைப் பற்றித்தான் வரும், அந்த மனுஷனுடைய சின்னச்சின்ன காரியங்கள், சாப்பிடும்போது அவள் தட்டையும் சேர்த்து எடுத்துப் போடுவது, பிறகு திருப்பி வைப்பது. அதைப் படித்துவிட்டு செண்பகவல்லி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் எங்கேயும் போகவில்லை, பார்த்த மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டாள், நல்ல மனுஷன்தான், சட்னிக்கு உப்புக் குறைந்தால் சொல்லாமல் சாப்பிடுவார். அந்தப் புத்தகம் பெண்களை வீட்டைவிட்டு அனுப்பும் என்றால் என்னை ஏன் அனுப்பவில்லை, என்று அவள் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தக் கேள்வி ஒரு நாளைக்குத் தாங்கும். மறுநாள் தாங்காது. ஏனென்றால் இந்துஜா போனாளே.

கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, சனிக்கிழமை, பிளஸ் ஒன் யூனிஃபார்ம் இல்லாமல் மஞ்சள் சுடிதார், வந்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டில் பெயரை எழுதி ‘ஜா’வின் காலை அடுத்த வரி வரைக்கும் இழுத்துவிட்டு, மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டாள். “யக்கா, அந்த அலமாரியில இருக்கது பூராவும் அட்வைஸா இருக்கு. அட்வைஸ் இல்லாத நாவல் ஒண்ணு குடுங்கக்கா.” செண்பகவல்லிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இருபது வருடத்தில் இப்படி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம். எழுந்து போய், வரிசையில் தேடாமல், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி எடுத்து வந்து கொடுத்தாள். “முழுசாப் படிப்பியாட்டீ?” “சத்தியமாப் படிப்பேன்க்கா.” இரண்டு வாரம் கழித்து வந்தாள், இன்னும் கொஞ்சம் இருக்கு என்று தவணை நீட்டிக்கொண்டாள். எப்படியிருக்கு என்று கேட்டதற்கு “சூப்பர்க்கா” என்றாள். அந்த ஒரு சூப்பருக்காக செண்பகவல்லி அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அடுத்த வாரமே இந்துஜா விடிகாலை அஞ்சே முக்கால் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பரீட்சை முடிந்ததும் மாமன் மகனுக்குப் பேசி முடிப்பதாக இருந்ததாம். யாரோடும் போகவில்லை, தனியாகப் போனாள், கோயமுத்தூரில் ஒரு மில்லில் வேலை பார்த்துக்கொண்டு தபாலில் படிக்கிறாள் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் அவளுடைய அப்பா வந்துவிட்டார்.

மேற்கிலிருந்து கரி வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக, தடதடவென்று, தரை அவள் செருப்புக்குள் நடுங்கியது. இந்துஜாவின் அப்பா காசிராஜன் மேசையில் புத்தகத்தைப் போட்ட சத்தமும் இதே மாதிரிதான் இருந்தது, அல்லது ஆறு வருடத்தில் அது இப்படிப் பெரிதாகிவிட்டது. பஜாரில் மாவு மில் வைத்திருக்கிற மனுஷன், உரத்துப் பேசியே பழக்கம், மிஷின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டுமே. இந்துஜா போய் ஐம்பது நாள் இருக்கும். “நூத்தித் தொண்ணூறாம் பக்கத்த எடுத்துப் பாருங்க மேடம். விடியக்கருக்கல்ல பஸ்ஸேறிப் போறா. எம்புள்ளயும் அதேதான் செஞ்சிருக்கு. வயசுப் பிள்ளைக்குக் குடுக்கக்கூடிய பொஸ்தகமா இது? படிச்சுப் பாத்துத்தான் குடுத்தீங்களா?” படித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன், அதுதானே குற்றமே. பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாம் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். அவள் எதிரிலிருந்த மை ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி முடித்துவிட்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்று, இன்னொன்றும் கேட்டார், “இத எழுதுன ஆளு வேற என்னென்ன எழுதிருக்காரு?” என்று. அந்த ஆசிரியரையும் விடமாட்டார் போலிருக்கிறது, மிச்சமிருக்கிற புத்தகங்களையும் கொண்டுவா கொளுத்துவோம் என்பார் போலிருக்கிறது. “தெரியாது” என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். யாரோ மேலே எழுதிப் போட்டார்கள், மெமோ வந்தது, விளக்கம் எழுதினாள், மேற்படி நபர் நூலாசிரியரின் பிற நூல்கள் குறித்தும் மிரட்டும் தொனியில் விசாரித்தார் என்று அவளே தன் கையால் எழுதினாள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். விட்டது அவர்கள்தான், அவளை அது விடவில்லை. நூற்றுத் தொண்ணூறு என்ற எண்ணே ஆகாமல் போய்விட்டது. போன மாதம் லேபில் அந்தப் பெண் “சுகர் நூத்தித் தொண்ணூறு மேடம்” என்றபோது, சர்க்கரைக்காகப் பயப்படாமல் எண்ணுக்காகப் பயந்தாள். அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்து என்ன படிக்கலாம் என்று கேட்டாலும் “எல்லாம் நல்ல புத்தகந்தான், பாத்து எடு” என்று சொல்லிவிட்டு ரப்பர் ஸ்டாம்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். பிள்ளைகளும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

கரி வண்டி போய்விட்டது, கேட் திறக்கவில்லை. “கிராஸிங்காம், கிழக்கேருந்து பாசஞ்சர் வரணும்” என்று யாரோ சொன்னார்கள், பைக்கில் இருந்தவர்கள் எல்லோரும் என்ஜினை அணைத்தார்கள். வெள்ளரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மாள் வரிசை வரிசையாக வந்தாள், நாலாகப் பிளந்து, உள்ளே மிளகாய்ப்பொடி உப்புத் தடவி, “வேணுமா யம்மா, கேட்டு இப்பத் திறக்காது.” வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆனால் மிளகாய் வாடை மூக்கில் ஏறிவிட்டது, காசிராஜன் மேலே அடித்த வாடை, கத்தும்போது அவரோடு சேர்ந்து மில்லே மேசைக்கு முன்னால் வந்து நின்றது. எழுதிவிடலாமா பத்தாவதாக. எழுதினால் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகும், எங்கேயோ ஒரு பிள்ளை எதற்கோ பஸ் ஏறும், யார் சொன்னது, செண்பகவல்லி சொன்னது, கையெழுத்து இருக்கிறதே அடியில். எழுதாவிட்டால். எழுதாவிட்டால் ஒன்றுமில்லை, விடாமுயற்சி மூன்றாவது தடவை. புத்தகத்தை வெளியே எடுத்தாள். நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தைத் திறக்க மாட்டேன், அட்டையை மட்டும் பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அட்டையைத் திறந்தாள், முதல் வெற்றுப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: என் பெயர் அறிய 83ஆம் பக்கம் பார்க்க. அட சனியனே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். இந்த வேலையைச் செய்யாத வாசகர் உண்டா. எண்பத்து மூன்று பார்த்தால் நாற்பது பார் என்றிருக்கும், நாற்பது பார்த்தால் நூற்றைம்பது பார், கடைசியில் முட்டாளே ஏமாந்தாயா என்றிருக்கும். இருபது வருடத்தில் எத்தனை புத்தகத்தில் இதை அழித்திருப்பாள், மேசை டிராயரில் அதற்கென்றே ஒரு ரப்பர் வைத்திருக்கிறாள், திரும்பி வருகிற புத்தகத்தையெல்லாம் புரட்டிப் பார்த்து அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். இதை மட்டும் புரட்டவில்லை. மேசையில் விழுந்த புத்தகத்தைத் தொடக்கூடப் பயந்து, ஒரு பழைய பேப்பரால் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டியவள்தானே. அந்த இந்துஜாவின் ‘ஜா’வைப் பார்த்தாள், இல்லை, அதில் ‘ஜா’ இல்லை, ‘பா’ இருந்தது, ‘பார்க்க’வில் அந்தக் கால் அடுத்த வரி வரைக்கும் இறங்கியிருந்தது.

எண்பத்து மூன்று. அவசரப்படாதே, 17. பதினேழுக்கு வந்தாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே, உனக்கு வேறு வேலை இல்லையா, 131 பார். ஏமாற்றப் போகிறாள், முட்டாளே என்றுதான் இருக்கும், இருக்கட்டும், தகும், முட்டாள்தானே நான், ஒரு பிள்ளை கையில் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாத முட்டாள். நூற்று முப்பத்தொன்று. ஓரத்தில் கீழே, நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. என் பெயர் இந்துஜா, பிளஸ் ஒன், சி பிரிவு. இதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ரொம்ப மெதுவாகப் போகிறது, ஒருத்தி துணி காயப்போடவே நாலு பக்கம். லைப்ரரி அக்கா கேட்டால் சூப்பர் என்று சொல்லப் போகிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், பாவம். செண்பகவல்லி அதை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படித்தாள். நூற்று முப்பத்தொன்று. தில்லை பஸ் ஏறுவது நூற்றுத் தொண்ணூறில். ஐம்பத்தொன்பது பக்கம் பாக்கி. இந்தப் பிள்ளை அங்கே போகவே இல்லை. அங்கே ஒரு பஸ் நிற்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தராமல், எந்தப் புத்தகமும் பிடித்துத் தள்ளாமல், அவளாகவே யோசித்து அவளாகவே அலாரம் வைத்து எழுந்து போயிருக்கிறாள். ஆறு வருடம். ஆறு வருடம் என்று சொன்னபோது மேலே இருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கினார்கள், தோள் தோளாக இல்லை, அவ்வளவு லேசு. அந்த லேசுக்கு நடுவிலேயே, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஒரு கோபமும் வந்தது. துணி காயப்போடுகிற நாலு பக்கம்! அந்த நாலு பக்கம்தானே நாவலே! ஒவ்வொரு துணியையும் உதறும்போது அவள் மனதில் ஓடுவதை அந்த மனுஷன் எப்படி எழுதியிருக்கிறார், மெதுவாகப் போகிறதாம், பாவமாம், யார் பாவம், நானா பாவம். சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து பைக்கில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். நான் பாவம்தான்டீ, நீ சொன்னது சரிதான், அந்தச் சூப்பரை நம்பி அன்றைக்கு நான் தெருவெல்லாம் மிதந்தேன்.

சிரித்து முடித்து மூச்சை இழுத்ததும் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவது தும்மல் கண்ணில் தண்ணீரோடு. வெள்ளரிக்காய் என்று நினைத்தாள், ஆனால் கூடை அந்தக் கோடியில் இருந்தது. புத்தகத்திலிருந்து வந்தது. நூற்று முப்பத்தொன்றின் மேல் மூலையில், பக்கம் திருப்புகிற இடத்தில், செம்மண் நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம். அடுத்த பக்கத்திலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். தொட்டு முகர்ந்து பார்த்தாள், பழைய மிளகாய்ப்பொடி, காரம் செத்துப் போய் வாடை மட்டும் பாக்கி. முன்னால் புரட்டினாள், பதினேழில் இருந்தது, எண்பத்து மூன்றில் இருந்தது, அப்படியானால் முதலிலிருந்தே, ஒன்றாம் பக்கத்திலிருந்தே. நூற்றுத் தொண்ணூறை இப்போது பயமில்லாமல் திறந்தாள். அங்கேயும் ஒரு விரல்தான், மற்றப் பக்கம் மாதிரியே. அதோடு நிற்கவில்லை. சண்டை போடுவதற்கு நூற்றுத் தொண்ணூறு போதும், அந்த மனுஷன் அதோடு ஏன் நிற்கவில்லை, இருநூறு, இருநூற்றுப் பத்து, இருநூற்று நாற்பது. இருநூற்று நாற்பத்து நாலாம் பக்கம் சிவந்தே போயிருந்தது. அப்பா இரண்டு தட்டுப் போடுகிற பக்கம். ஒரு விரல் இல்லை, ஏழெட்டு, ஒன்றின் மேல் ஒன்று, தாளே மெத்தென்று தேய்ந்து, ஒரே தடவை படித்த பக்கம் இப்படி ஆகாது. கடைசிப் பக்கம் வரைக்கும் இருந்தது. மகள் பாதியில் தூக்கிப் போட்ட புத்தகத்தை அந்த மாவு மில்லில், மிளகாய்க்கும் மல்லிக்கும் நடுவில், ஐம்பது நாள் உட்கார்ந்து ஒரு மனுஷன் ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறார். நூற்று முப்பத்தொன்றையும் படித்திருப்பாரே, மகள் கையெழுத்துத் தெரியாதா அவருக்கு, அவள் இதற்கு மேல் போகவில்லை என்று தெரிந்துகொண்டேதான் வந்து கத்தினாரா. தெரிந்துதான் கத்தியிருக்கிறார், பாவம், யாரிடமாவது கத்த வேண்டாமா. கத்தி முடித்து, வாசல் வரைக்கும் போய், திரும்பி நின்று. இத எழுதுன ஆளு வேற என்னென்ன எழுதிருக்காரு. மிரட்டல் இல்லை. அது மிரட்டலே இல்லை. சத்தம்கூடக் குறைந்துதான் இருந்தது, மிஷினை நிறுத்தினால் எப்படி இருக்கும் அப்படி. ஒரு வாசகர் வந்து மேசைக்கு முன்னால் நின்று இன்னொரு புத்தகம் கேட்டிருக்கிறார், அதற்குத்தானே அவளுக்கு வேலை, அந்த ஒன்றுக்குத்தானே அந்த நாற்காலி, தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதோடு விடாமல் மிரட்டும் தொனி என்று எழுதியும் கொடுத்தாள். அழுகை வந்தது, மிளகாய் மேல் பழி போடலாம், போடவில்லை, அழுதாள்.

பாசஞ்சர் ஊதிக்கொண்டு வந்தது, ஜன்னல் ஜன்னலாக முகங்கள், போயிற்று. கேட் மெல்ல ஏறியது. எல்லா என்ஜினும் ஒரே சமயத்தில் உறுமின. செண்பகவல்லி படிவத்தை ஸ்கூட்டி சீட்டில் விரித்து, பேனாவைத் திறந்தாள். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், “யக்கா, வண்டிய எடுங்க, இல்ல ஓரம் போங்க” என்றார்கள், அவள் ஓரமாகத்தான் இருந்தாள், அடிக்கட்டும். பத்தாவது வரியில் நாவலின் பெயரை, எண்ணை இல்லை, பெயரை எழுதினாள். ஆசிரியர் பெயரை எழுதினாள். வயது என்ற கட்டத்தில் மேலே ஒன்பது தரம் 15–18 என்று எழுதியிருந்தாள். இதில் 15 முதல் என்று எழுதி நிறுத்திக்கொண்டாள், எதுவரை என்று எழுத அவளுக்குத் தெரியவில்லை, காசிராஜனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு இருக்குமா. காரணம் என்ற கட்டத்தில், அட்வைஸ் கிடையாது, என்று எழுதினாள். துணி காயப்போடும் இடத்தில் பொறுமை வேண்டும் என்றும் சேர்க்கலாமா என்று யோசித்தாள், இடமில்லை. கையெழுத்துப் போட்டாள். நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்தாள், டிராயரில் கிடக்கிற ரப்பர் ஞாபகத்துக்கு வந்தது, அது அங்கேயே கிடக்கட்டும். அந்த ஆசிரியரின் இன்னும் இரண்டு நாவல்கள் மூன்றாவது அலமாரியில், மேல் தட்டில், யாரும் எடுக்காமல் இருக்கின்றன, ஒன்று சாம்பல் அட்டை, ஒன்றுக்கு அட்டையே இல்லை. மூன்று மணிக்கு ஊர் திரும்பிவிடலாம், நூலகத்துக்குப் போய் இரண்டையும் எடுத்துக்கொண்டு பஜார் பக்கம் போனால் மில் திறந்திருக்கும். என்ன சொல்வது, வாசலில் போய் நின்று, மிஷின் சத்தத்துக்கு மேலே எப்படிச் சொல்வது. “ரெண்டு இருக்கு” என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டிருந்த வெள்ளரிக்காய் அம்மாள் திரும்பினாள். “என்னது யம்மா ரெண்டு? வெள்ளரிக்கா தீந்துபோச்சே.” “இல்லம்மா. இன்னும் ரெண்டு எழுதிருக்காரு” என்றாள் செண்பகவல்லி, வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.